யோகாஸ்டா சொல்லாமல் விட்டது

நேயர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றதுமே விதி என்ற சொல் வந்துவிடுகிறது. தெய்வம் சொன்னது, மனிதன் தப்பி ஓடினான், ஓடிய வழியிலேயே அகப்பட்டுக்கொண்டான். சோபோக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தையும் இப்படி இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. எத்தனை முறை படித்தாலும், ஈடிபஸின் மனைவியான அரசி யோகாஸ்டா ஒரு பழைய கதையைச் சொல்லும் இடத்தில் நின்றுவிடுகிறேன். இன்று அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ். வசந்தகாலத்தில் டயோனிசஸ் திருவிழா. அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில், பட்டப்பகலில், திறந்தவெளியில் நாடகம் நடக்கிறது. வந்திருப்பவர்களுக்குக் கதை தெரியும். ஹோமரின் ஒடிசியிலேயே அது சுருக்கமாக வருகிறது. தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் இவன் என்று அறிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையிலோ தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் அரித்துக்கொண்டிருக்கிறது. முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் தண்டித்தால்தான் நோய் தீரும் என்று டெல்பியிலிருந்து அருள்வாக்கு வருகிறது. கொலைகாரனை ஊரறியச் சபிக்கிறான் ஈடிபஸ். ‘அவன் என் வீட்டில் இருப்பது தெரிந்தும் நான் சும்மா இருந்தால், இந்தச் சாபம் என்மேலும் விழட்டும்’ என்கிறான். அந்தச் சொற்களுக்கு அவன் அறிந்த பொருள் ஒன்று, பார்ப்பவர்கள் அறிந்த பொருள் வேறு. நாடக முரண் என்பது இதுதான்.

குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ், ‘நீ தேடும் கொலைகாரன் நீதான்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஈடிபஸ் கொதிக்கிறான். அவனை ஆற்றத்தான் யோகாஸ்டா வருகிறாள். குறியெல்லாம் பொய் என்று காட்ட, தன் முதல் கணவனின் கதையையே எடுத்துச் சொல்கிறாள். பெற்ற மகன் கையால் சாவான் என்று லாயஸுக்கு ஒரு வாக்கு வந்தது. ஆனால் அவரைக் கொன்றவர்கள் கொள்ளையர்கள், மூன்று சாலைகள் கூடும் இடத்தில். குழந்தையோ, பிறந்து மூன்று நாள்கூட ஆகாதபோதே, லாயஸ் அதன் கணுக்கால்களைப் பிணைத்து, ஆள் வைத்து மலையில் எறியச் செய்துவிட்டார்.

இந்தப் பேச்சில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. மூன்று சாலைகள் என்றதுமே ஈடிபஸுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அப்படி ஓர் இடத்தில் அவன் ஒரு முதியவரை அடித்துக் கொன்றிருக்கிறான். எந்த நாடு, எப்போது, அவர் தோற்றம் எப்படி என்று துளைத்துத் துளைத்துக் கேட்கிறான். கணுக்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவன் கணுக்காலில் பிறந்த நாள்தொட்டு வடு இருக்கிறது. ‘வீங்கிய பாதம்’ என்பதே அவன் பெயருக்குப் பொருள். பிறகு அந்த வடுவைப் பற்றிப் பேச்சு எழும்போது, ‘அந்தப் பழைய வேதனையை ஏன் கிளறுகிறாய்’ என்கிறான். ஆக, அவனுக்கு நினைவிருக்கிறது. கொலைப்பழியைத் தன்மேல் ஏற்றிப் பார்க்கத் துணிந்த அந்த அறிவாளியின் காது, இந்த ஒரு சொல்லை உள்ளே விடவில்லை. உண்மையைக் காண மறுக்கும் மனதை இதைவிட நுட்பமாக எழுதிய எவரையும் நான் படித்ததில்லை.

அடுத்து கொரிந்திலிருந்து ஒரு கிழவன் வருகிறான். ஈடிபஸ் தன் தந்தையென்று நம்பிய பாலிபஸ் இறந்துவிட்ட செய்தியோடு வருகிறான். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று தனக்கு முன்பு வந்த வாக்கை எண்ணி, தாயை மணந்துவிடுவோமோ என்று ஈடிபஸ் இன்னமும் அஞ்சுவதைக் கண்டு, ‘கவலையை விடுங்கள், நீங்கள் அவர்கள் பெற்ற பிள்ளையே இல்லை’ என்கிறான். லாயஸின் இடையன் ஒருவன் தந்த, கணுக்கால் பிணைக்கப்பட்ட குழந்தையைத் தான்தான் கொரிந்துக்குக் கொண்டுபோனதாகவும் சொல்கிறான். அச்சத்தைப் போக்கச் சொன்ன சொல் எல்லாவற்றையும் புரட்டிவிடுகிறது. கதைத்திருப்பத்துக்கு அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

யோகாஸ்டாவுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிடுகிறது. உங்கள் உயிர்மேல் அக்கறை இருந்தால் தேடாதீர்கள் என்று மன்றாடுகிறாள். தன் பிறப்பு தாழ்ந்ததோ என்று அவள் வெட்கப்படுவதாக ஈடிபஸ் நினைத்துக்கொள்கிறான். நான் நற்பேற்றின் பிள்ளை, எனக்கு இழிவில்லை என்று பெருமிதமாகப் பேசுகிறான். அவள் உள்ளே போய்விடுகிறாள்.

கடைசியாக லாயஸின் பழைய இடையனை இழுத்துவருகிறார்கள். குழந்தையை உன்னிடம் யார் கொடுத்தது என்று அதட்டுகிறான் ஈடிபஸ். உள்ளே இருக்கும் உங்கள் மனைவிக்குத்தான் எல்லாம் நன்றாகத் தெரியும் என்கிறான் இடையன்.

‘அவளா கொடுத்தாள்?’

‘ஆமாம், அரசே.’

‘பெற்றவளா?’

‘தீய வாக்குகளுக்கு அஞ்சி.’

யோகாஸ்டா சொன்ன கதையில் இந்தக் கை இல்லை. லாயஸ் பிணைத்தார், ஆள் வைத்து எறிந்தார் என்றாளே தவிர, தான் கொடுத்ததைச் சொல்லவில்லை. இத்தனை நேரம் ஈடிபஸை நினைத்துப் பரிதவித்த சபைக்கும் நாடகம் இதை இப்போதுதான் சொல்கிறது. எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்திருந்த நமக்கும்தான். அவள் பொய் சொன்னாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்தக் கதையைத் தனக்குத்தானே அப்படிச் சொல்லித்தான் அவளால் உயிரோடு இருக்க முடிந்திருக்கும்.

‘கொல்லச் சொன்ன குழந்தையை நீ ஏன் இன்னொருவனிடம் கொடுத்தாய்?’

‘இரக்கப்பட்டுத்தான், எசமானே.’

ஈடிபஸ் உள்ளே ஓடுகிறான். அவள் தூக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். உடலை இறக்கிக் கிடத்துகிறான். அவள் ஆடையில் குத்தியிருந்த பொன் ஊசிகளை உருவி எடுக்கிறான்.