டாசல் குடும்பமும் நீனோவர் நகரமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஒரு பொற்பேழை இருக்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் அதில் இருப்பதாகப் பக்தர்கள் நம்புகிறார்கள். 1164இல் மிலானிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தவர் கொலோன் பேராயர் ரைனால்ட், புனித ரோமானியப் பேரரசர் பார்பரோசாவின் வலக்கை. 1167இல் ரோம் படையெடுப்பின்போது கொள்ளைநோயில் இறந்தார். அவரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் பேச வந்தது அவர் பிறந்த டாசல் குடும்பத்தைப் பற்றி.

வேசர் ஆற்றுக்குக் கிழக்கே சோலிங் என்ற மலைக்காடு. அதன் ஓரத்தில் டாசல் என்ற ஊர். அங்கே வேர்விட்ட சிறு பிரபுக் குடும்பம் இது. மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்குத் திருச்சபை என்பது அக்கால மேற்குடி வழக்கம், ரைனால்ட் இளையவர். நிலத்தோடு தங்கியவர்களின் வழிவந்தோர், 1200ஐ ஒட்டி, சோலிங்கில் இருந்த தங்கள் நீனோவர் கோட்டைக்கு முன்னால் ஒரு புதிய நகரத்தையே எழுப்பினார்கள். நகரம் இருந்தால் சந்தை கூடும், சுங்கம் வரும், கோட்டைக்கு ஆள்பலமும் சேரும். பெரிய பிரபுக்கள் செய்ததைத் தாங்களும் செய்து பார்த்தார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கிறது.

ஆனால் விலை கொடுத்தவர்கள் குடியேறிய மக்கள். 1990களில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ்-கியோர்க் ஸ்டெஃபான் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. அகழி, மண்மதில், தெருவோரமாக மரச்சட்ட வீடுகள், அவற்றுக்கடியில் கல் கட்டிய நிலவறைகள், கைத்தொழில் நடந்த தடயங்கள் எல்லாம் வெளிவந்தன. கூடவே கரியும் எரிந்த மண்ணும். 1270 வாக்கில் நகரம் தீக்கிரையானது. இரண்டு, மூன்று தலைமுறைதான் அது வாழ்ந்தது. அரச சாசனங்களை மட்டும் படித்திருந்தால் இந்த மக்களை நாம் கண்டிருக்கவே முடியாது.

காரணம் தேடினால், சுற்றிலும் நின்ற பெரிய கைகள் தெரிகின்றன: பிரவுன்ஷ்வைக் கோமகன்கள் ஒருபுறம், ஹில்டஸ்ஹைம் ஆயர் மறுபுறம். 1270களில் டாசல் குடும்பம் நீனோவரையும் சோலிங்கில் தனக்கிருந்த பங்கையும் கோமகனுக்கு விற்றது. 1310இல் கடைசிப் பிரபு சைமன், டாசலைச் சூழ்ந்த எஞ்சிய உரிமைகளை ஆயருக்கு விற்றார். அவரோடு ஆண்வழி அற்றுப்போனது.

எரிந்த நகரம் அதே இடத்தில் மறுபடி நகரமாகவில்லை. பக்கத்து உஸ்லார் இன்றும் நகரமாக இருக்கிறது. கோட்டை நின்ற இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் கோமகன்கள் வேட்டை மாளிகை கட்டினார்கள். நகரம் இருந்த நிலத்தில், அகழாய்வில் கண்ட அடித்தளத்தைப் பின்பற்றி, ஆய்வாளர்கள் ஒரு வீட்டை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.