துடிக்கிற நரம்பு

வணக்கம். மருத்துவக் கல்லூரியில் பல வருடம் உடற்கூறு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். கையில் ஓடும் ரத்தக்குழாய்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பாடம் எங்கள் அப்பத்தா கையில்தான் ஆரம்பித்தது.

வளவில் உட்கார்ந்து அப்பத்தா கொட்டான் முடையும்போது, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சுண்டுவிரல் பக்கமாக, தோலுக்கடியில் ஏதோ துள்ளிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் விரல் வைத்துப் பார்ப்போம். "நரம்புடி அது, எடு கையை" என்று அதட்டுவார். ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்ற வந்த கம்பவுண்டர், ரப்பர் குழாயைக் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஆச்சி, இது துடிக்குது. அந்தக் கையைக் குடுங்க" என்றார்.

நம் பக்கம் தோலுக்கடியில் தெரிவதை எல்லாம் நரம்பு என்றுதான் சொல்வோம். ஆனால் துடிப்பது தமனி, இதயத்திலிருந்து ரத்தம் வரும் வழி. ஊசி ஏற்றுவது துடிக்காத சிரையில், அது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழி. அக்குளிலிருந்து ஒரே குழாயாக இறங்கும் பிரேக்கியல் தமனி, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும் என்று பாடப் புத்தகம் சொல்லும். கட்டைவிரல் பக்கம் போவது ரேடியல். வைத்தியர் நாடி பிடிப்பது அதில்தான். சுண்டுவிரல் பக்கம் போவது அல்னர். அது தசைகளுக்கு அடியில் பதுங்கி இறங்கும்.

முதல் வருட மாணவர்கள் அறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த பாடியில எல்லாம் தப்பா இருக்கு" என்பார்கள். புத்தகத்தில் இருப்பது பெரும்பான்மைக் கை, அவ்வளவுதான். 1953இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 750 கைகளை அறுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு 14 கைகளில் ரேடியல், முழங்கை வரை காத்திருக்காமல் மேலேயே பிரிந்திருந்தது. அல்னர் ஆழத்தில் போகாமல் தோலை ஒட்டி ஓடியது நூற்றுக்கு இரண்டு சொச்சம். ஒரு கையில் இருப்பது மறு கையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஏன் இப்படி? கருவில் கை முளைக்கும்போது பெரிய குழாய் எதுவும் கிடையாது, மெல்லிய வலைதான். நம் ஊரணிக்கு வரும் வரத்துக்கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் எதில் அதிகம் ஓடுகிறதோ அது அகலும், மற்றது தூர்ந்துபோகும். சில கைகளில் தூர வேண்டியது தூராமல் நின்றுவிடுகிறது. முன்கையின் நடுவே ஓடும் மீடியன் தமனி, கருவில் கொஞ்ச காலம் முக்கிய வழியாக இருந்துவிட்டுச் சுருங்கிவிடும். சிலருக்குக் கடைசிவரை அப்படியே இருக்கும்.

பெரும்பாலும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை, அந்தக் கையோடு ஆயுசுக்கும் மாவாட்டலாம். ஊசி வரும்போதுதான் சங்கடம். மேலாக ஓடும் தமனியைச் சிரை என்று நினைத்துச் சில மருந்துகளைச் செலுத்திவிட்டால் விரல்கள் கறுத்துப்போகும், விரலையே எடுக்கவும் நேரலாம்.

அப்புறம் ஆஞ்சியோ. மணிக்கட்டு ரேடியல் வழியாக இதயக் குழாய்களைப் பார்க்கும் முறையை 1989இல் கனடாவின் லூசியன் காம்போ வெளியிட்டார். இப்போது மதுரைக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர்களில் பலருக்குக் கை வழிதான். சிலர் திரும்பி வந்து, "கையில ஆரம்பிச்சாங்க, முடியாம தொடையில போட்டாங்க, டாக்டருக்குக் கை வரலை போல" என்கிறார்கள். ரேடியல் மேலேயே பிரிந்து மெலிந்திருந்தாலோ, வழியில் சுருண்டு வளைந்திருந்தாலோ கம்பி ஏறாது. வலிந்து தள்ளிப் பார்க்காமல் வேறு வழி பார்த்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்பத்தா கையில் துள்ளியது அல்னராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அந்தக் கம்பவுண்டர் இதை எங்கே கற்றுக்கொண்டார் என்று அன்றைக்கு யாரும் கேட்டுவைக்கவில்லை. நன்றி, வணக்கம்.