சொந்த வீட்டுக்கே ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு வருடமாக ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதி வருகிறேன். வீடு வாங்குகிறவருக்கு யோசனை சொல்ல மாமனார், மச்சான், வங்கி வக்கீல் என்று நாலு பேர் கூடவே வருவார்கள். விற்கிறவருக்கு யாரும் வருவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்தானே, அவருக்கு என்ன கஷ்டம் என்ற நினைப்பு. ஆனால் பதிவு அன்றைக்குக் காலையில் என் மேசைக்கு முன்னால் வியர்த்து நிற்பது பெரும்பாலும் விற்கிறவர்தான்.

அதனால் விற்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். புரோக்கரிடம் வாய் திறப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டை நீங்களே வாங்கப் போவதாக நினைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அந்தச் சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் சான்றுதான் வில்லங்கம். பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்ப்பதற்குக் காசுகூட கிடையாது. "என் வீட்டுக்கு நானே எதற்கு வில்லங்கம் பார்க்கவேண்டும்?" என்று சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். வீட்டுக்கடனை அடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அசல் பத்திரமும் பீரோவில் இருக்கிறது. ஆனால் கடன் வாங்கும்போது பதிவான எம்ஓடி, அதாவது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்த ஆவணம், வில்லங்கத்தில் அப்படியே நிற்கிறது. கடன் தீர்ந்தது என்று வங்கி ஒரு ரசீது ஆவணம் பதிந்து தந்திருக்கவேண்டும். அவரும் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. இதற்குள் அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கோப்பைத் தேடி எடுக்கவே நாலு மாதம் ஆனது, வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கடன் இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும், தன் பக்கத்துத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வருகிற அன்றே ரசீது ஆவணத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பத்திரமே தொலைந்திருந்தால் இன்னும் நீளமான வேலை. போலீசில் புகார், தேடியும் கிடைக்கவில்லை என்று அவர்கள் தரும் சான்று, பத்திரிகையில் விளம்பரம், பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆள் வந்த பிறகு ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும்.

அப்புறம் பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு. மூன்றும் மூன்று பெயரில் இருக்கும். பட்டாவில் அப்பா, வீட்டுவரி ரசீதில் தாத்தா, மின்சார அட்டையில் யாரென்றே தெரியாத முன்னாள் உரிமையாளர்! இவற்றை மாற்றுவது கஷ்டமில்லை, அலைச்சல்தான். பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று இருந்து, தரையில் டேப் பிடித்தால் 1,140 வருவதும் உண்டு. அதை வாங்குபவரின் வங்கி இன்ஜினியர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நீங்கள் முதலில் சொல்வது நல்லது. அப்ரூவல் பிளானில் இல்லாத மாடி அறைக்கும் இதே பேச்சுதான்.

இனி, நான் அதிகம் பார்த்த சிக்கலுக்கு வருகிறேன். கையெழுத்து.

அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் என்னிடம் வந்து, "நாங்கள் ரெண்டு பேரும்தான், எழுதுங்கள்" என்பார்கள். தங்கச்சி இல்லையா என்று கேட்பேன். "அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பியாச்சே" என்று பதில் வரும். நகைக் கணக்கு வேறு, சொத்துக் கணக்கு வேறு. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் விட்ட சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1989, 2005 என்று பலரும் சொல்கிற வருடங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. 1989இல் தமிழ்நாடு அரசு பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. அப்பா சொந்தமாக வாங்கிய வீட்டுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். தங்கச்சிக்கு எந்த வருடம் கல்யாணம் ஆகியிருந்தாலும் அவள் கையெழுத்து வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தாரா? அப்பாவின் தாயாரும் முதல்நிலை வாரிசு. மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் ஒரு பங்கு. பிறகு அந்தப் பாட்டியும் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அவருடைய பங்கு எங்கே போகும்? அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அத்தை, சித்தப்பா எல்லாரும் உங்கள் வீட்டில் பங்குதாரர்கள் ஆகிவிடுவார்கள். இதைச் சொன்னால் என்னைச் சண்டை மூட்ட வந்தவனைப் போலப் பார்ப்பார்கள். நான் சொல்லாவிட்டாலும் வாங்குபவரின் வக்கீல் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைப் புரட்டி அதே கேள்வியைக் கேட்பார். நான் சொன்னது இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரியத். பங்குக் கணக்கு அதில் மாறும்.

பங்குதாரர்களில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால், அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நீதிமன்ற அனுமதி வாங்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயம் செல்லாது என்று வழக்குப் போடலாம். விஷயம் தெரிந்த எவரும் அப்படி ஒரு வீட்டை வாங்கமாட்டார்.

எல்லாரும் சம்மதம் என்றால், மற்றவர்கள் தங்கள் பங்கை ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தனியாகப் போட்டு, அதற்கு முத்திரைக் கட்டணம் கட்டி, அதன்பிறகு விற்கவேண்டியதில்லை. எல்லா வாரிசுகளும் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கலாம். அவரவர் பங்குப் பணம் அவரவர் கணக்குக்கே போகட்டும். அண்ணன் மொத்தமாக வாங்கிப் பிறகு பிரித்துத் தருகிறேன் என்றால், உறவும் கெடும், வருமான வரிக் கணக்கும் குழம்பும்.

சரி, ஆள் வந்தாயிற்று, விலையும் பேசியாயிற்று. அட்வான்ஸ் வாங்கும் இடம்தான் விற்கிறவர் ஏமாறும் இடம். 60 லட்சத்து வீட்டுக்கு 50,000 ரூபாய் கொடுத்து, பதினோரு மாதக் கெடுவில் ஒப்பந்தம் போட ஒருவர் வந்தால், அவர் அந்த வீட்டில் குடியிருக்க வரவில்லை. உங்கள் வீட்டை 70 லட்சத்துக்கு வேறு ஒருவரிடம் தள்ளிவிட வந்திருக்கிறார். ஆள் கிடைக்காவிட்டால் அவருக்கு நஷ்டம் 50,000தான். உங்களுக்கு ஒரு வருடம் போகும்.

2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதியவேண்டும். அது வாங்குபவருக்குப் பாதுகாப்பு. ஆனால் பதிந்த ஒப்பந்தம் உங்கள் வில்லங்கத்தில் ஏறிவிடும். அதை நீக்க ரத்துப் பத்திரத்தில் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடவேண்டும். அவர் வராமல் போனால் நீங்கள் அலையவேண்டியதுதான். கெடு முடிந்த தேதியிலிருந்து மூன்று வருடம் வரை, எழுதிக்கொடு என்று வழக்குப் போடும் வாய்ப்பும் அவருக்கு இருக்கிறது. அதனால் அட்வான்ஸ் பத்து சதவீதமாவது இருக்கட்டும். கெடு மூன்று மாதம் போதும், வங்கிக் கடன் வாங்குபவர் என்றால் இன்னும் ஒரு மாதம் கொடுக்கலாம். கெடு தவறினால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். அசலைக் காட்டுங்கள், கொடுப்பது ஜெராக்ஸ் மட்டும். ஒப்பந்தத்துக்குப் பதிலாக "ஒரு பவர் போட்டுக் கொடுத்துடுங்க சார், நீங்க அலையவே வேண்டாம்" என்று, உங்கள் சார்பில் விற்கும் அதிகாரத்தையே யாராவது கனிவாகக் கேட்டால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பணம் வருகிற வழியைப் பற்றியும் பேசவேண்டும். வாங்குபவர் முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்டுகிறார். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அதனால்தான் அரசு குறித்துவைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு, மீதியைக் கையில் தருகிறேன் என்கிறார். மிச்சமாவது அவருக்கு, வம்பு உங்களுக்கு. வீட்டுக் கிரயத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். அந்த ரொக்கத்தைக் காட்டி நாளைக்கு இன்னொரு வீடு வாங்கவும் முடியாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டவேண்டும். பானும் ஆதாரும் இணைக்காமல் இருந்தால் அந்த ஒன்று 20 ஆகிவிடும். இதைப் பதிவு நாளில் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாபத்துக்கு வரி தனி. இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த வீடு என்றால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதாக இருந்தால், விலைவாசிப் புள்ளியால் வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையில் வரி குறைவாக வந்தால் அந்த அளவு கட்டினால் போதும். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். 2015 கடைசியில் 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்றால், புது முறையில் வரி இரண்டரை லட்சம். பழைய முறையில் சுமார் 16,000 ரூபாய்தான். அதுவே அப்பா காலத்து வீடாகி, வாங்கிய விலைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் 2001 ஏப்ரல் 1 மதிப்பு 6 லட்சம் என்றால் புது முறைதான் குறைவு. ஆதாயத்தை வைத்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை, வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போடவேண்டும். சாதாரண பிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு விலக்கு கேட்டால் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், விற்ற பிறகு அல்ல, விற்பதற்கு முன்னால்.

பதிவு நாள். ஆடியில் வேண்டாம், அஷ்டமி நவமியில் வேண்டாம், ராகுகாலத்தில் வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் எங்கள் தெருவில் நடக்க இடம் இருக்காது. நல்ல நேரம் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் டிமாண்ட் டிராப்ட்டைக் கையில் வாங்கி, அதன் எண்ணும் தொகையும் பத்திரத்தில் எழுதியதோடு பொருந்துகிறதா என்று எழுத்துக்கூட்டிப் படித்த பிறகு உள்ளே போங்கள். முழுப்பணமும் வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள், "பால் மட்டும் காய்ச்சிக்கிறோம்" என்று கேட்டாலும் சரி.

கடைசியாக ஒன்று. பத்திரம் பதிந்ததும் அது வாங்கியவருடையது. ஸ்கேன் முடிந்து அவர் கைக்குப் போய்விடும். நாற்பது வருட வீட்டை எழுதிக்கொடுத்தவர் கையில் ஒரு தாள்கூட மிஞ்சாது. இரண்டு வருடம் கழித்து வருமான வரி நோட்டீஸ் வந்தபிறகு, வாங்கியவரின் போன் நம்பரைத் தேடிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். அன்றைக்கே, எல்லாரும் டிபன் சாப்பிட ஓட்டலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், எதிர்க்கடையில் முழுப் பத்திரத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.