டெத் பேண்டை விட்டுப் போனவர்கள்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குப் பாட்டு எதையும் ஓடவிடப் போவதில்லை, பேச மட்டும்தான் போகிறேன். மேஜையில் ஏழு சிடி அடுக்கி வைத்திருக்கிறேன், தெரிகிறதா? ஏழும் ஒரே பேண்டுடையவை. பேண்டின் பெயர் டெத். அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பேண்ட். முதல் ஆல்பம் 1987, கடைசி ஆல்பம் 1998.

ஒவ்வொன்றின் பின்னட்டையையும் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஏழிலும் வருகிற பெயர் ஒன்றே ஒன்றுதான்: சக் ஷுல்டினர். மற்றவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதே ஆட்களை வைத்து இரண்டு ஆல்பம் அவர் செய்ததே இல்லை. யாரோடும் ஒத்துப்போகத் தெரியாத மனிதர் என்று இதை வைத்தே அவரைப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள், விட்டுப் போனவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்து பார்த்தேன். டெத் மெட்டல், அதாவது உறுமும் குரலும் கனத்த கிதாருமாக வரும் இசை வகை, வளர்ந்த கதையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெத் மெட்டலைத் தொடங்கியது டெத் பேண்டுதான் என்று நான் சொல்லவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் பொஸஸ்ட் என்று ஒரு பேண்ட் இருந்தது. அவர்களுடைய 'செவன் சர்ச்சஸ்' ஆல்பம் 1985-இல் வந்தது. அதன் கடைசிப் பாட்டின் பெயரே 'டெத் மெட்டல்'தான். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள், ஈஸ்டர் விடுமுறையில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்த ஆல்பம் அது. சக்கே அவர்களுடைய ரசிகர்தான். அதனால் யார் முதல் என்கிற சண்டைக்குள் நான் போகவில்லை.

சக் 1967-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அடுத்த வருடமே குடும்பம் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பதினாறு வயது அண்ணன் கார் விபத்தில் இறந்துபோனார். பிள்ளையின் துக்கம் கொஞ்சமாவது ஆறட்டும் என்று பெற்றோர் ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்புக்குப் போனார், பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டார். பிறகு கையில் ஓர் எலக்ட்ரிக் கிதார் வந்ததும் தானாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அண்ணன் செத்ததற்கு ஆறுதலாக வந்த கிதாரை வைத்துக்கொண்டு வளர்ந்த பையன், பின்னாளில் தன் பேண்டுக்கு 'சாவு' என்றே பெயர் வைத்தார். இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அவருடைய பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஒன்பது வயதுப் பையன் என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

1983-இல், பதினாறு வயதில், காம் லீ, ரிக் ராஸ் என்கிற இரண்டு நண்பர்களோடு மேண்டாஸ் என்ற பேண்டைத் தொடங்கினார். அடுத்த வருடம் பெயர் டெத் என்று மாறியது. வீட்டு கேரேஜில் ஒத்திகை பார்ப்பார்கள், அதையே கேசட்டில் பிடிப்பார்கள். அந்தக் கேசட்டுகள் தபாலில் ஊர் ஊராகப் போயின. உன்னிடம் இருப்பதை எனக்குப் பிரதி எடுத்து அனுப்பு, என்னிடம் இருப்பதை உனக்கு அனுப்புகிறேன் என்று உலகம் முழுவதும் பையன்கள் கேசட் மாற்றிக்கொண்ட காலம் அது. பிரதிக்குப் பிரதி எடுத்து, இரைச்சலுக்கு நடுவில் பாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்குத் தேய்ந்த ஒலி. அப்படியும் பேண்டின் பெயர் பரவியது.

ஆனால் ஆட்கள்தான் நிலைக்கவில்லை. சக் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்ப் பார்த்தார், சரிவரவில்லை. 1986-இல் கனடாவுக்குப் போய் ஸ்லாட்டர் என்கிற பேண்டில் சேர்ந்தார். அங்கேயும் சில வாரங்கள்தான். மறுபடியும் கலிஃபோர்னியா. அங்கேதான் கிரிஸ் ரைஃபர்ட் என்கிற டிரம்மர் கிடைத்தார். அவர் அப்போது பள்ளி வயதுப் பையன். இந்த இரண்டே பேர் சேர்ந்து செய்ததுதான் முதல் ஆல்பம், 'ஸ்க்ரீம் பிளடி கோர்'. குரல், கிதார், பேஸ் கிதார் மூன்றும் சக், டிரம்ஸ் ரைஃபர்ட். தயாரித்தவர் ராண்டி பர்ன்ஸ், அதாவது பொஸஸ்டின் 'செவன் சர்ச்சஸ்' ஆல்பத்தைத் தயாரித்த அதே ஆள்.

ஆல்பம் முடிந்ததும் சக் ஃபுளோரிடாவுக்குத் திரும்பினார். ரைஃபர்ட் கலிஃபோர்னியாவிலேயே தங்கிவிட்டார். இதுதான் முதல் பிரிவு. தங்கிய ரைஃபர்ட் ஆட்டாப்ஸி என்று ஒரு பேண்ட் தொடங்கினார். டிரம்ஸையும் வாசித்துக்கொண்டு பாடவும் செய்வார். எல்லாரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டாப்ஸி இழுத்து இழுத்து, சேற்றில் கால் புதைய நடக்கிற மாதிரி வாசித்தது. 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் விருந்தாளியாக வந்து பேஸ் வாசித்தவர் ஸ்டீவ் டிஜியார்ஜியோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஃபுளோரிடாவில் சக்குக்குக் கிடைத்தவர்கள் மாஸக்கர் என்கிற பேண்டின் ஆட்கள்: பழைய நண்பர் ரிக் ராஸ், டிரம்மர் பில் ஆண்ட்ரூஸ், டெரி பட்லர். 1988-இல் 'லெப்ரஸி' வந்தது. பட்டியலில் பேஸுக்கு நேராக பட்லரின் பெயர் இருக்கும், ஆனால் பதிவில் பேஸ் வாசித்தவரும் சக்தான். இது டாம்பா நகரத்தில் மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. டாம் மாரிஸ், ஜிம் மாரிஸ் என்ற சகோதரர்களின் ஸ்டுடியோ. அங்கே ஒலிப்பதிவாளராக இருந்தவர் ஸ்காட் பர்ன்ஸ். அடுத்த நாலைந்து வருடத்தில் மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டீஸைட் என்ற பேண்டுகள் எல்லாரும் அதே கதவைத் தட்டினார்கள். கானிபல் கார்ப்ஸ் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ ஊரிலிருந்து வந்து பதிவு செய்தார்கள், பிறகு டாம்பாவுக்கே குடிவந்துவிட்டார்கள். செபுல்டுரா பிரேசிலிலிருந்து வந்தார்கள். கேட்கிறவன் அதற்குள் ஒரு டிரம்ஸ் ஒலியை வைத்தே இது மாரிசவுண்ட் என்று சொல்லிவிடுவான்.

மூன்றாவது ஆல்பம் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்', 1990. ரிக் ராஸ் போய்விட்டார், ஜேம்ஸ் மர்ஃபி வந்தார். இங்கே வரிகள் மாறுவதைக் கவனியுங்கள். முதல் இரண்டு ஆல்பங்களில் பிணமும் ரத்தமும்தான். இதில், தாயின் போதைப் பழக்கத்தோடு பிறக்கிற குழந்தையைப் பற்றிப் பாட்டு வருகிறது, மதத்தின் பெயரால் நடக்கும் கொலையைப் பற்றி வருகிறது. பேய்க்கதையை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் நடக்கிறதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஜேம்ஸ் மர்ஃபியும் தங்கவில்லை. அதே 1990-இல் ஒபிச்சுவரியின் 'காஸ் ஆஃப் டெத்' ஆல்பத்தில் அவர் இருக்கிறார். அந்த இருண்ட ரிஃப்களுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரிகளுக்கு, மேலே அவருடைய சோலோ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டு போகும். பிறகு இங்கிலாந்தின் கேன்ஸர் பேண்டில் வாசித்தார், அப்புறம் டெஸ்டமெண்டில்.

சரி, பெரிய உடைப்பு அந்த வருடக் கடைசியில்தான். ஐரோப்பாவில் டெத் சுற்றுப்பயணம் போக வேண்டும். ஏற்பாடுகள் சரியில்லை என்று சொல்லி, கிளம்பும் நேரத்தில் சக் வரமாட்டேன் என்றுவிட்டார். ஆண்ட்ரூஸும் பட்லரும் அவர் இல்லாமலேயே, வேறு பாடகரையும் கிதார்காரரையும் வைத்துக்கொண்டு, டெத் என்ற பெயரிலேயே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். டிக்கெட் வாங்கிய ரசிகர்களை ஏமாற்றக்கூடாது என்பது அவர்கள் பக்க நியாயம். அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தான் உண்டாக்கிய பேண்ட் தான் இல்லாமல் மேடை ஏறியது சக்குக்கு எப்படி வலித்திருக்கும்? அதோடு அந்தக் கூட்டணி முடிந்தது. ஆண்ட்ரூஸ், பட்லர், ராஸ் மூவரும் காம் லீயோடு சேர்ந்து 1991-இல் மாஸக்கரின் 'ஃபிரம் பியாண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். டெத்தைத் தொடங்கிய மூன்று பேரில் இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள். பழைய டெத் எப்படி வளர்ந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இந்த ஆல்பத்தைக் கேளுங்கள்.

சக் வேறு பக்கம் போனார். இனி நிரந்தர உறுப்பினர் கிடையாது, ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதற்கேற்ற ஆட்கள் என்று முடிவு செய்தார். முதலில் அழைத்தது மயாமியைச் சேர்ந்த சினிக் பேண்டின் பால் மஸ்விடல், ஷான் ரைனர்ட் இருவரையும். ரைனர்டுக்கு அப்போது இருபது வயது. பேஸுக்கு, நான் நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த டிஜியார்ஜியோ. இந்த நாலு பேரும் செய்ததுதான் 'ஹ்யூமன்'.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதல் பாட்டு 'ஃபிளாட்டனிங் ஆஃப் எமோஷன்ஸ்'. டிரம்ஸ் தூரத்திலிருந்து மெதுவாக நெருங்கி வரும். வந்ததும் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் அடி விழாது. நம் ஊரில் மிருதங்கக் கச்சேரி கேட்டுப் பழகினவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்: கணக்கு எங்கோ போய்ச் சுற்றி, சரியாக எடுப்பில் வந்து இறங்கும். ரைனர்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்த காது. அது வரைக்கும் டெத் மெட்டல் டிரம்ஸ் என்றால் முதலில் வேகம். இதில் வேகமும் இருக்கிறது, ஆனால் சிம்பல்களில் நுணுக்கமாக ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் முதல் தடவை இதை ஹாஸ்டல் அறையில் ஹெட்ஃபோனில் கேட்டேன். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போகவில்லை, அதையே நாலு தடவை கேட்டேன். 'காஸ்மிக் ஸீ' என்று குரலே இல்லாத ஒரு பாட்டும் உண்டு. 1991-இல் ஒரு டெத் மெட்டல் ஆல்பத்துக்கு நடுவில் அப்படி ஒன்றை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

ஒரே குறை, பழைய பதிப்பில் டிஜியார்ஜியோவின் பேஸ் கிதாருக்கு அடியில் புதைந்துபோயிருக்கும். 2011-இல் ஜிம் மாரிஸ் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பு வந்தது. அதில் அந்த விரல்கள் கேட்கின்றன. வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

மஸ்விடலும் ரைனர்டும் தங்கள் சினிக்குக்கே திரும்பினார்கள். 1992-இல் ஆண்ட்ரூ புயல் அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்தை அழித்தது. அதைத் தாண்டி 1993-இல் 'ஃபோகஸ்' வந்தது. உறுமலும், இயந்திரக் குரலும், ஜாஸும் கலந்த ஆல்பம். அன்றைக்குப் பலருக்குப் புரியவில்லை, இன்றைக்கு அதைப் படிக்காத முற்போக்கு மெட்டல் கிதார்காரர் இல்லை. 2014-இல் இருவரும் தாங்கள் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். முரட்டுத்தனத்தையே பெருமையாக நினைத்த ஒரு இசை உலகத்தில் இவ்வளவு வருடம் அதை உள்ளே வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது. ரைனர்ட் 2020 ஜனவரியில் இறந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது.

அடுத்த இரண்டு ஆல்பங்களிலும் டிரம்ஸ் ஜீன் ஹோக்லன். நேரம் பிசகாமல் வாசிப்பதால் அணுக் கடிகாரம் என்றே அவருக்குப் பட்டப்பெயர். 1993-இல் வந்ததில் கிங் டயமண்ட் பேண்டின் கிதார்காரர் ஆண்டி லாராக்கும் இருந்தார். 1995-இல் 'சிம்பாலிக்'. என்னைக் கேட்டால் டெத்தின் உச்சம் இதுதான். 'ஆயிரம் கண்கள்' என்று பொருள்படும் ஒரு பாட்டு இதில் உண்டு, தனிமையே இல்லாமல் எப்போதும் கண்காணிக்கப்படும் உலகத்தைப் பற்றியது. அந்த வருடத்தில் நம் யாருடைய கையிலும் கேமரா வைத்த ஃபோன் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

கடைசி ஆல்பம் 1998-இல், மறுபடியும் முழுக்கப் புதிய ஆட்கள். டிரம்ஸில் ரிச்சர்ட் கிறிஸ்டி. சக்குக்கு உறுமிப் பாடுவதில் ஆர்வம் குறைந்துகொண்டிருந்தது. சுத்தமான குரலில் பாட டிம் அய்மரை வைத்து கன்ட்ரோல் டினைட் என்று தனியாக ஒரு பேண்ட் தொடங்கினார், 1999-இல் அதன் ஆல்பமும் வந்தது.

அந்த வருடம்தான் கழுத்து வலி ஆரம்பித்தது. நரம்பு எங்கோ பிடித்துக்கொண்டது என்றே முதலில் நினைத்தார். ஸ்கேன் எடுத்தால் மூளைத்தண்டில் புற்றுக்கட்டி. அது உறுதியானது மே 13 அன்று, அவருடைய 32-ஆவது பிறந்தநாள். அடுத்த ஜனவரியில் அறுவை சிகிச்சை. செலவைக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை. ரசிகர்களும் மற்ற பேண்டுகளும் நிதிக் கச்சேரிகள் நடத்தினார்கள், ஏலம் விட்டுப் பணம் சேர்த்தார்கள். சிகிச்சைக்கு நடுவிலும் அடுத்த ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தார். அது முடியவில்லை. 2001 டிசம்பர் 13 அன்று இறந்தார். வயது 34. பூனை நாய்களோடும் தோட்டத்தோடும் இருக்கப் பிடிக்கும், சமைக்கப் பிடிக்கும், வாழ ஆசைப்பட்ட மனிதர். அதே 2001-இல் ஜேம்ஸ் மர்ஃபிக்கும் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

2012-இலிருந்து 'டெத் டு ஆல்' என்ற பெயரில், சக்கோடு வாசித்தவர்கள் சேர்ந்து இந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கிறார்கள். டிஜியார்ஜியோ வந்தார், ஹோக்லன் வந்தார், 'சிம்பாலிக்'கில் வாசித்த பாபி கெல்பிள் வந்தார். மஸ்விடல், ரைனர்ட்கூட வந்து வாசித்திருக்கிறார்கள். சக் இடத்தில் மேக்ஸ் ஃபெல்ப்ஸ் என்ற இளைஞர் பாடுகிறார். வெவ்வேறு ஆல்பங்களில் வந்து போனவர்கள் ஒரே மேடையில் நிற்கிறார்கள்.

இதுவரை டெத் மெட்டலே கேட்காதவர்கள், அந்த உறுமலுக்குப் பயந்து ஒதுங்கினவர்கள், கடைசி ஆல்பத்தில் 'வாய்ஸ் ஆஃப் த ஸோல்' என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். குரல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, கிதார் மட்டும்தான். இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்த வாரம் ஆட்டாப்ஸியோடு வருகிறேன்.