பாடுவது ஆண், பாட்டை வளர்த்தது பெண்ணின் காது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பறவைப் பாட்டைப் பெரிதும் வளர்த்தது ஆண்களின் போட்டியா, பெண்களின் தேர்வா?" இதுதான் தலைப்பு. போட்டிதான் என்றார் எதிரணித் தலைவர். ஆண் பறவை பாடுவது எல்லையைக் காக்க, பக்கத்து ஆணை விரட்ட, நல்ல இடத்தைப் பிடிக்க என்று அடுக்கினார். நல்ல பேச்சு, நானும் கைதட்டினேன். ஆனால் அந்தப் பேச்சில் பெண் பறவை எங்கே வருகிறாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன் நடுவர் அவர்களே. கடைசி வரியில் வந்தாள், அதுவும் ஜெயித்தவன் பின்னால் பேசாமல் போவதற்காக!

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1871-இல் மனிதனின் மூதாதையரைப் பற்றி டார்வின் எழுதிய நூலில், ஆண் பறவைகளின் பாட்டும் தோகையும் பெண்களின் ரசனையால் தலைமுறை தலைமுறையாகக் கூடி வந்தவை என்று வாதிட்டார். இயற்கைத் தேர்வை அவரைப் போலவே தனியாகக் கண்டறிந்த வாலஸ்கூட இதை ஏற்கவில்லை. ஆண்கள் முட்டி மோதிச் சண்டை போடுகிறார்கள் என்ற பாதியை மட்டும் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பெண் பறவைக்கு ரசனை இருக்கிறது என்ற மறுபாதி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஓரமாகக் கிடந்தது. அந்தக் காலத்து அறிஞர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை நான் சொல்லித்தான் நடுவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

சரி, சான்றுக்கு வருகிறேன். பாடும் ஆணோடு ஒரு பெண் சேர்ந்தால், அவள் பாட்டுக்காகச் சேர்ந்தாளா, அவன் இருக்கும் இடத்துக்காகவா, அவன் உடலுக்காகவா, எப்படிப் பிரித்துச் சொல்வது? ஆணையே எடுத்துவிட வேண்டியதுதான். ஸ்வீடனில் எரிக்சன், வாலின் என்ற இருவர் அதைத்தான் செய்தார்கள். ஈப்பிடிப்பான் குருவிகளுக்காக மரங்களில் கூடுப்பெட்டிகளை மாட்டினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் பாடம் செய்த ஆண் பறவை ஒன்றை வைத்தார்கள். உள்ளே நுழையும் பெண் சிக்கிக்கொள்ள ஒரு பொறி. எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி. ஆனால் சிலவற்றில் மட்டும் ஒலிபெருக்கியிலிருந்து ஆணின் பாட்டு வந்தது. 1986-இல் முடிவை வெளியிட்டார்கள்: சிக்கிய 10 பெண்களில் 9 பேர் பாட்டு ஒலித்த பெட்டிகளில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு உயிரே இல்லை, விரட்டுவதற்கு எதிரியும் இல்லை. பாட்டு இருந்தது, வந்துவிட்டார்கள்.

அடுத்து கேனரி. இங்கே கொஞ்சம் நின்று பேச நடுவர் அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் அணியின் பலமே இந்தச் சின்ன மஞ்சள் குருவிதான். பறவைக்குக் குரல் பிறக்கும் உறுப்பு நமக்கு இருப்பதுபோல் தொண்டையின் மேற்பகுதியில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. இரண்டு கிளைக்கும் தனித்தனித் தசைகள், தனித்தனிக் கட்டுப்பாடு. ஆண் கேனரியின் பாட்டில் ஒரு துண்டு வரும். ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே, இரண்டும் ஒட்டி ஒரே அசை. அந்த அசையை நொடிக்கு 16, 17 முறை திருப்பித் திருப்பிப் பாடுவான். அதற்கு இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் மாறி மாறி இயங்க வேண்டும், நடுவில் மூச்சும் இழுத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஆணுக்கும் இது சரியாக வந்துவிடாது.

பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் பெண் கேனரிகளைத் தனியே வைத்து, பதிவுசெய்த பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். மற்றத் துண்டுகள் ஓடும்போது அவள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்த வேகத் துண்டு வந்ததும் உடலைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, இணைசேரச் சம்மதம் காட்டினாள். அதோடு விட்டார்களா? இல்லை. எந்த ஆண் கேனரியாலும் பாட முடியாத அளவுக்கு வேகத்தையும் சுரங்களின் இடைவெளியையும் கூட்டி, செயற்கையான பாட்டு ஒன்றைச் செய்து போட்டார்கள். இது 2002-இல் வந்த ஆய்வு. நிஜப் பாட்டைவிட அந்தச் செயற்கைப் பாட்டுக்குத்தான் பெண்கள் அதிகம் இசைந்தார்கள்!

இதன் பொருளை எதிரணி கவனிக்க வேண்டும். ஆணின் குரல் இன்னும் போய்ச் சேராத இடத்தில் பெண்ணின் விருப்பம் ஏற்கெனவே போய் நிற்கிறது. கொஞ்சம் வேகமாகப் பாட முடிந்த ஆணுக்குக் கொஞ்சம் அதிகமாகக் குஞ்சுகள், அவன் மகன்களில் இன்னும் கொஞ்சம் வேகமானவனுக்கு இன்னும் அதிகம். தலைமுறைக்குத் தலைமுறை பாட்டு முன்னால் இழுக்கப்படுவது இப்படித்தான். நீங்கள் சொல்லும் போட்டி எங்கே? அந்தக் கூண்டில் இன்னொரு ஆணே கிடையாது.

"பெண்ணுக்கு ஏதோ ஒரு மயக்கம், அதற்கு இவ்வளவு மரியாதையா?" என்று எதிரணியிலிருந்து இளையவர் கேட்டார். மயக்கம் இல்லை தம்பி, கணக்கு இருக்கிறது. பாடும் குருவிகள் பாட்டோடு பிறப்பதில்லை, பெரியவர்களைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாட்டைப் பிடித்து வைக்கும் மூளைப் பகுதிகள் வளர்வது குஞ்சு பொரித்த சில வாரங்கள், சில மாதங்களில். அந்த நேரத்தில் தீனி கிடைக்காமல் வாடியவனுக்குப் பாட்டு அரைகுறையாகவே படியும். சில இனங்களில் இதைச் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள். ஆக, ஒருவனுடைய குஞ்சுப் பருவம் எப்படிப் போயிற்று என்பது அவன் பாடும்போது வெளியே வந்துவிடுகிறது. சிறகைக் கோதி அழகாக்கிக்கொள்ளலாம், பாட்டில் அப்படி மறைக்க முடியாது.

ஸ்வீடனில் ஓர் ஏரிக்கரையில் பெரிய நாணல் கதிர்க்குருவிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1996-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அங்கே பெண் ஒருவனோடு குடும்பம் நடத்துகிறாள், சில முட்டைகளுக்கு மட்டும் அப்பன் பக்கத்து எல்லைக்காரன். குஞ்சுகளின் மரபணுவைப் பார்த்ததில் இது தெரிந்தது. அந்தப் பக்கத்துக்காரன் ஒவ்வொரு முறையும், வீட்டில் இருப்பவனைவிட அதிக வகைப் பாட்டுத் துண்டுகள் தெரிந்தவனாக இருந்தான். அப்புறம், அதிக வகை பாடும் தகப்பனுக்குப் பிறந்த குஞ்சுகள் கூட்டை விட்டுப் போனபின் பிழைத்திருப்பதும் அதிகம். ஒழுக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை நடுவர் அவர்களே, காதைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இவ்வளவும் தேர்வு. தேர்வுக்கும் மேலே ஒரு படி இருக்கிறது. வட அமெரிக்காவில் கௌபேர்டு என்று ஒரு பறவை. நம் குயிலைப் போல முட்டையை அடுத்தவர் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விடும். பெண் கௌபேர்டு பாடுவதே இல்லை. மெரிடித் வெஸ்ட், ஆண்ட்ரூ கிங் என்ற இருவர் இளம் ஆண்களைப் பாடத் தெரியாத இந்தப் பெண்களோடு மட்டும் சேர்த்து வளர்த்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லையே, எல்லோரும் ஒரே மாதிரி பாட வேண்டும் அல்லவா? பாடவில்லை. எந்த வட்டாரத்துப் பெண்களோடு இருந்தார்களோ, அதற்குத் தக்கபடி அவர்கள் பாட்டு மாறியது. எப்படி என்று காணொளியில் உற்றுப் பார்த்தபோது புரிந்தது. ஆண் ஏதேதோ பாடிப் பார்க்கிறான். அவளுக்குப் பிடித்த துண்டு வரும்போது இறக்கையை ஒரு நொடிக்கும் குறைவாக லேசாக அசைக்கிறாள். அவன் அந்தத் துண்டை விடாமல் பிடித்துக்கொள்கிறான். அப்படிப்பட்ட துண்டுகளைப் பின்னால் வேறு பெண்களுக்குப் போட்டுக் காட்டியபோது அவர்களும் மற்றத் துண்டுகளைவிட அதற்கே அதிகம் இசைந்தார்கள். 1988-இல் வந்த ஆய்வு இது. வாய் திறக்காத பெண் இறக்கை அசைவிலேயே பாட்டைத் திருத்துகிறாள். இதைவிட நேரான சான்றை என்னால் கொடுக்க முடியாது.

இனி எதிரணி வைத்த கேள்விகள். மயிலைக் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் ஏழு ஆண்டுகள் பார்த்தும், தோகை சிறந்த ஆணைப் பெண்கள் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை என்ற 2008-ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னார்கள். இங்கிலாந்தில் மரியன் பெட்ரி செய்த ஆய்வில் தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆணுக்கே அதிக இணைகள் கிடைத்தன என்பதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படியும் இன்றைய தலைப்பு பாட்டு, தோகை இல்லை.

அக்கா ஒருவர் வைத்த வாதம் கனமானது. பாடும் பறவைகளில் பெண்ணும் பாடுகிறாளே என்றார். உண்மை. 2014-இல் வந்த ஓர் ஆய்வில், தகவல் கிடைத்த இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுவது தெரிந்தது. ஆதியில் இருபாலும் பாடியிருக்க வேண்டும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. இதை மறுக்க மாட்டேன். பாட்டு பிறந்ததே பெண்ணை மயக்கத்தான் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் தலைப்பு "பிறப்பித்தது" என்று கேட்கவில்லை அக்கா, "வளர்த்தது" என்று கேட்கிறது. கேனரியில் அந்த நொடிக்கு 16 அசைகளைக் கேட்டு வாங்கியது யார் என்பதுதான் இங்கே பேச்சு.

கடைசியாக ஆக்ஸ்ஃபோர்டு பட்டாணிக்குருவி. 1970-களில் ஜான் கிரெப்ஸ், வைத்தம் காட்டில் ஆண் பட்டாணிக்குருவிகளைப் பிடித்து அகற்றிவிட்டு, சில எல்லைகளில் ஒலிபெருக்கியில் அவற்றின் பாட்டை ஓடவிட்டார். பாட்டு இல்லாத இடங்களை வெளி ஆண்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு கேட்ட இடங்களுக்குள் நுழையத் தயங்கினார்கள், அதிலும் பல வகைப் பாட்டு ஒலித்த இடத்தில் அதிகம் தயங்கினார்கள். "ஆகவே பாட்டு ஒரு வேலி" என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார்.

வேலிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆண்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொள்வதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அதே பட்டாணிக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த சிக்கடீ என்ற பறவையைக் கனடாவில் சோதித்தார்கள். கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கும் ஆணின் எல்லைக்குள் ஒலிபெருக்கியை வைத்து, அவன் பாட்டின் மேல் ஏறி ஏறிப் பாடவைத்து, பாட்டுச் சண்டையில் அவன் தோற்றுப்போவதுபோல் செய்தார்கள். சில நிமிடங்கள்தான். எல்லை பறிபோகவில்லை, இறகு ஒன்றுகூட உதிரவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் அவன் கூட்டில் பிறந்த குஞ்சுகளில் வேறு ஆணுக்குப் பிறந்தவை கூடியிருந்தன. 2002-இல் வந்த முடிவு இது. சண்டையை அவனுடைய இணை ஒட்டுக்கேட்டிருக்கிறாள்! ஆண்களின் போட்டி என்று நீங்கள் சொல்வதற்கும் மதிப்பெண் போடுவது அவள்தான்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். ஐரோப்பாவின் நீர்க்கரைப் புதர்களில் செட்ஜ் வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி இருக்கிறது. கிளைவ் கேட்ச்போல் என்பவர் அதை ஆராய்ந்து 1980-இல் எழுதினார். அதிக வகைப் பாட்டுள்ள ஆணுக்குச் சீக்கிரம் இணை கிடைக்கிறது. இணை கிடைத்ததும் அவன் அந்த நீண்ட பாட்டை நிறுத்திவிடுகிறான். கூடு கட்ட வேண்டும், முட்டை வரப்போகிறது, காப்பாற்ற வேண்டியது எல்லாம் இனிமேல்தான் அந்த எல்லைக்குள் இருக்கப்போகிறது. பாட்டு வேலி என்றால், அவன் ஏன் அதைச் சரியாக அந்த நாளில் பிடுங்கிப் போடுகிறான்?