கல்லமேட்டில் கரைந்துபோன எலும்பு

வணக்கம் நண்பர்களே. உலகத்திலேயே பெரிய டைனோசர் எது என்று தேடினால் அர்ஜென்டினாவில் போய்த்தான் நிற்போம். ஆனால் அந்தப் போட்டியில் நம்ம அரியலூர் பக்கத்துக் கல்லமேடும் இருக்கிறது. புருஹத்காயோசாரஸ். இந்தப் பேரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். கிடைத்தது இடுப்பு, தொடை, முன்கால், வால் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எலும்புகள்தான். முதலில் இதை ஊனுண்ணி என்றே நினைத்தார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்பது அப்புறம்தான் தெளிவானது.

அதில் ஒரு எலும்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு. நீளம் 2 மீட்டர்! பக்கத்தில் நிறுத்தினால் நம்மில் பெரும்பாலானவர்களை விட அது உயரம். அர்ஜென்டினாவில் கிடைத்த பெரிய டைனோசரான அர்ஜென்டினோசாரஸுக்கு, அந்த எலும்பின் பக்கத்திலேயே இருக்கிற மெல்லிய எலும்பு சுமார் 1.55 மீட்டர்தான்.

சரி, எங்கே போய்ப் பார்க்கலாம்? பார்க்க முடியாது. அது இப்போது இல்லை. கை முறிந்தால் போடுவோமே, அந்த மாதிரி மாவுக்கட்டுப் போட்டுத்தான் எலும்புகளை எடுத்தார்கள். ஏற்கெனவே உளுத்துப்போயிருந்த எலும்பு, மழையும் ஈரமும் சேர, கட்டுக்குள்ளேயே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

மிஞ்சியது கட்டுரையும் சில கோட்டுப்படங்களும். அதனால் இது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். சாத்தனூர் கல்மரம் இருக்கிற வட்டாரம் இல்லையா, சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் 2022இல்தான் வெளியிட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு அதில் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை மரம் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

எடை 110 முதல் 130 டன் வரை இருக்கலாம் என்று 2023இல் ஒரு கணக்கு வந்தது. அந்த எண்ணைத் தம்ப்நெயிலில் போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு முறை அளந்து பார்க்க எலும்பு இல்லாதபோது அதை முடிந்த முடிவாக எப்படிச் சொல்வது?

அரியலூர்ப் பக்கத்து நண்பர்களே, ஓடையிலோ காட்டிலோ எலும்பு மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் தயவுசெய்து தோண்டாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். மழைக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள்.