விண்டோஸை விட்டு முழுசாக வெளியே வரலாமா?

வணக்கம் நேயர்களே.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம், பத்து வருடம் ஓடிவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்கு ஏறிவிடலாம் என்று பார்த்தால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை 2017இல்தான் சந்தைக்கே வந்தது. ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், நல்ல எஸ்எஸ்டி என்று ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரும் தகுதி இல்லாதது ஆகிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு. அது ஒரு வருட அவகாசம், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் "பேசாமல் லினக்ஸுக்கு முழுசாக மாறிவிடலாமா?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸின் இடத்தில் போடக்கூடிய இலவச இயங்குதளம். முன்பெல்லாம் இதைக் கேட்டவர்கள் கம்ப்யூட்டரையே தொழிலாகக் கொண்ட இளைஞர்கள். இப்போது பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள், கடைக்காரர்கள் கேட்கிறார்கள், பிள்ளையின் படிப்புக்காகப் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்த அப்பா அம்மாக்கள் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

லினக்ஸ் வகைகளில் மின்டா, உபுண்டுவா என்று பலர் முதலிலேயே இறங்கிவிடுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டுக்குமே 2029 வரை திருத்தங்கள் வரும். வீட்டுக்கு எதை எடுத்தாலும் சரிதான். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்களை. பிரவுசரிலும் வேர்டிலும் கணக்கெழுதும் டேலியிலும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரிலும்தானே நம் வேலை நடக்கிறது? இயங்குதளம் அடியில் இருக்கிறது. ஆகவே என் யோசனை இது: இயங்குதளத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். இருக்கிற விண்டோஸிலேயே மென்பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பிரான்ஸ் நாட்டில் ஜாந்தார்மெரி என்று ஒரு தேசியக் காவல் படை இருக்கிறது. அவர்கள் 2005இல், வேர்டு, எக்செல் வேலைகளைச் செய்யும் ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினார்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், மெயிலுக்குத் தண்டர்பேர்ட். காவலர்களின் கை இதற்கெல்லாம் பழகிய பிறகுதான், 2008இலிருந்து, விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு போட ஆரம்பித்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்தவருக்கு நேற்று திறந்த அதே ஐகான்கள், அதே மெனுக்கள். அடியில் இருந்தது மட்டும் வேறு. இன்றைக்கு அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024இல் 30,000 கம்ப்யூட்டர்களை மாற்றப் போவதாக அறிவித்தபோதும் ஓப்பன் ஆபீஸ் போன்ற லிப்ரே ஆபீஸைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது.

அதே ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியை யாராவது குறுக்கே சொல்வார்கள். 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி, 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போக வாக்களித்த ஊர் அது. அந்த முடிவில் அரசியல் எவ்வளவு, தொழில்நுட்பம் எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வெளியாட்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் வந்த சிக்கல் அங்கே நிஜமாகவே இருந்தது. அந்தச் சிக்கலுக்கு வீட்டிலும் ஒரு சின்ன வடிவம் உண்டு. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிமையானது. லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ பார்க்க விஎல்சி, படம் திருத்துவதற்கு கிம்ப். எல்லாமே விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும், காசும் இல்லை. இவற்றிலேயே இரண்டு மூன்று மாதம் வேலை பாருங்கள். பழைய மென்பொருளை அழிக்க வேண்டாம், ஆனால் கை தானாக அதன் பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும் ஏன் போனது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். மூன்றாவது மாதம் அந்தத் தாளில் என்ன மிஞ்சியிருக்கிறதோ, அதுதான் உங்கள் பதில்.

பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் மிஞ்சாது. மின்கட்டணம், ரயில் டிக்கெட், யூடியூப், வங்கி, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் பிரவுசருக்குள் போய்ப் பல காலம் ஆகிறது. அந்த வீட்டுக்காரர் தயங்காமல் முழுசாக மாறலாம். மாற வேண்டும் என்றே சொல்வேன். திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாக இருக்கும் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றுக்குக் கடன் வாங்குவதும் சரியாகப் படவில்லை.

சிலருக்கு ஒன்று மிஞ்சும். டேலி வைத்துக் கணக்கெழுதுபவர்களுக்கு அது நேராக லினக்ஸில் ஓடாது, விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. போட்டோஷாப், ஆட்டோகேட், இன்டிசைன் எதற்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஒயின் என்ற மென்பொருளை நடுவில் வைத்துச் சில விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டலாம். ஒருவர் அப்படி ஓட்டிக் காட்டினார் என்பதற்காக உங்கள் பிழைப்பை அதன்மேல் வைக்காதீர்கள். மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில் அது மக்கர் செய்தால் பதில் சொல்ல யாரும் வரமாட்டார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி வைத்து வேலை செய்பவர்கள், அதே மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

இனி தமிழுக்கு வருகிறேன். லினக்ஸ் பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அவற்றில் இருக்காது.

தட்டச்சில் பயம் வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு மெஷின் விசைப்பலகை மூன்றுமே இருக்கின்றன. ஒரு தடவை சேர்த்துவிட்டால் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ அழகியோ வைத்திருந்தவர்களுக்குக் கை பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். விசைப்பலகை அமைப்பு ஒன்றேதான் என்பதால் வேகம் திரும்பிவிடும்.

சிக்கல் எழுத்துருவில்தான் வரும். ஒரு பள்ளித் தலைமையாசிரியர் லதா எழுத்துருவில் நான்கு பக்கச் சுற்றறிக்கை தயார் செய்து வேர்டு கோப்பாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லதாவும் நிர்மலாவும் மைக்ரோசாஃப்டின் எழுத்துருக்கள், லினக்ஸோடு வராது. அந்த இடத்தில் லோகித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ வந்து உட்காரும். அகலம் வேறு, வரிக்கு வரி உள்ள இடைவெளி வேறு. நான்கு பக்கம் ஐந்தாகிவிடும். கையொப்பமிடும் இடம் தனியாக ஐந்தாவது பக்கத்தின் தலையில் போய் நிற்கும். அட்டவணையில் கட்டம் ஒன்றுக்குள் இருந்த பெயர் இரண்டு வரியாக உடையும். மியூனிக்கில் பட்ட அவதியின் நம் வீட்டு வடிவம் இதுதான். இதற்கு வழி உண்டு. நோட்டோ எழுத்துருக்கள் இலவசம். விண்டோஸில் இருக்கும்போதே அவற்றை நிறுவி உங்கள் கோப்புகளை அவற்றுக்கு மாற்றிவிட்டால், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். மற்றவர்கள் படிக்க மட்டும் அனுப்புவது என்றால் பிடிஎஃப்.

அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் கதை வேறு. அங்கே இன்னும் பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது. அது 2001இல் வந்தது. எழுத்துருக்கள், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீடு புழக்கத்துக்கு வருவதற்கு முந்தையவை. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியல் மிஞ்சும். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, நோட்டுப் புத்தக அட்டை என்று ஒரு கடையின் இருபது வருட உழைப்பு இந்த வடிவத்தில் இருக்கிறது. போன வருடப் பத்திரிகையைத் திறந்து பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அரை மணி நேரத்தில் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க முயலும், ஆனால் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்பக் கூடாது. பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6இல் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றன, புதிய வேலைகளுக்கு அது போதும். பழைய வேலைகளுக்கு?

அந்தக் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது: முழுசாக மாறாதீர்கள். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை இணைய இணைப்பைத் துண்டித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளெல்லாம் அதில் இருக்கட்டும். பென்டிரைவ் வழியாகப் போகவர இருக்கலாம், வைரஸ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் மெயில், வாட்ஸ்அப், பில், புதிய வடிவமைப்பு எல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நடக்கட்டும். இப்படிப் பிரித்து வைப்பதைப் பாதி மாற்றம் என்று யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கு அதுதான் சரியான முடிவு. கூடவே, நேரம் கிடைக்கும்போது பழைய வேலைகளின் உரையை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொண்டே வாருங்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ஒருநாள் போகும், அன்றைக்கு உரையாவது கையில் இருக்கும்.

பிரிண்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொருகியதும் வேலை செய்யும். நம் ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் பார்க்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் படுத்தும். உங்களிடம் அது இருந்தால் முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

சோதிப்பதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். ஹார்டு டிஸ்கில் கை வைக்காமல் முழு இயங்குதளமும் திரைக்கு வரும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, பிரிண்டரில் தமிழ்ப் பக்கம் ஒன்று சரியாக வருகிறதா என்று ஒரு மாலை நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம், இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளும் டூயல் பூட். "முதலில் அப்படிப் போட்டுப் பழகிக்கொள்கிறேன், பிறகு முழுசாக மாறுகிறேன்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. நான் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் விண்டோஸைத்தான் திறந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன? பக்கத்திலேயே பழகியது இருக்கும்போது யாருக்கும் கை அங்கேதான் போகும். கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் கற்பதே லினக்ஸில் என்பதால் அங்கே அது அந்நியமாக இல்லை.

டூயல் பூட்டில் சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் சில கம்ப்யூட்டர்களில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் உலக நேரத்தை எழுதி வைக்க, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வேகத் தொடக்க வசதியை நிறுத்தாவிட்டால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் திருத்தத்துக்குப் பிறகு சிலருடைய டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் தொடங்காமலேயே நின்றது. கம்ப்யூட்டரை நோண்டுவதில் ஆசை உள்ளவருக்கு இதெல்லாம் பெரிதில்லை. மற்றவர்கள் மென்பொருளை முதலில் மாற்றி, தாளைப் பார்த்து, ஒரே தடவையில் மாறுவதுதான் நல்லது. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் வசதி, ஒன்றை மட்டும் முழுசாக மாற்றிக்கொள்ளலாம்.

மாறும் நாளுக்கு முன்னால் சில காரியங்கள் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் எல்லோரிடமும் கேளுங்கள். வேலரன்ட் விளையாடும் பையன் வீட்டில் இருந்தால் அது லினக்ஸில் ஓடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுங்கள். எடுத்தால் போதாது, அதை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிக் கல்யாண ஆல்பத்தில் நாலு படமாவது திறந்து பாருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் எடுத்து வையுங்கள், இதை மறந்து தவிப்பவர்கள் ஏராளம். ஹார்டு டிஸ்க்குக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் துணைக்கு ஆள் இருக்கிறார்கள். சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் நடக்கின்றன. தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள கணியம் இதழ் 2012இலிருந்து வருகிறது. உங்கள் கம்ப்யூட்டரையும், என்ன மிஞ்சியது என்று எழுதிய அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். தாளைப் பார்த்தாலே உங்களுக்கு எது சரிவரும் என்று அவர்களால் சொல்லிவிட முடியும்.

நன்றி, வணக்கம்.